‘இஸ்லாத்தில் மதமும் அரசியலும் ஒன்றுதான்’: ஒரு கேள்வியும் அதன் கீழே சேர்ந்த குறிப்புகளும்

வாசகர் கேள்வி, 14 ஜனவரி 2024

மேற்கத்திய அரசியல் சிந்தனை மதத்தையும் அரசையும் பிரித்தது; அதனால் மக்களாட்சியை எட்டியது. இஸ்லாத்தில் மதமும் அரசியலும் ஒன்றே. ஆகவே முஸ்லிம் நாடுகளில் மக்களாட்சி வேரூன்ற இயலாது. மறுப்பவர்கள் ஆதாரத்துடன் மறுக்கவும்.

14 ஜனவரி 2024, இரவு

பாதியை ஒப்புக்கொள்கிறேன். கி.பி. 622இல் மதீனாவுக்கு வந்த நபிகள் நாயகம் அவர்கள் தொழுகையை முன்னின்று நடத்தினார்கள்; அதே ஊரில் வழக்குகளைத் தீர்த்தார்கள், யூதக் குலங்களையும் உள்ளடக்கிய உடன்படிக்கை ஒன்றை எழுதச் செய்தார்கள், படையும் நடத்தினார்கள். ஈசா நபியின் சீடர்களின் கையில் அப்படி ஓர் ஊர் இருக்கவில்லை. உரோமைப் பேரரசின் கீழ் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் ஆளப்படுவோராக வாழ்ந்த பிறகுதான் கிறித்தவம் ஆட்சியின் அருகில் வந்தது. இரண்டின் தொடக்கமும் வேறு என்பதில் எனக்குச் சண்டையில்லை.

நான் மறுப்பது உங்கள் வாதத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கும் ‘ஆகவே’ என்ற சொல்லை. தொடக்கத்தை வைத்துப் பதினான்கு நூற்றாண்டுகளைத் தீர்மானிப்பது, ஒருவர் பிறந்த வீட்டைப் பார்த்துவிட்டு அவர் இறந்த ஊரைச் சொல்வதற்குச் சமம். நடுவில் நடந்தவற்றைப் பார்க்க வேண்டும். எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வழக்கிலிருந்து தொடங்குகிறேன். நாளை எழுதுகிறேன், கண் சொக்குகிறது.

15 ஜனவரி 2024

கெய்ரோ, 1925. எகிப்தின் மன்ஸூரா நகரில் ஷரீஅத் நீதிமன்ற நீதிபதியாக இருந்த அலீ அப்துர் ராஸிக், ‘இஸ்லாமும் ஆட்சியின் அடிப்படைகளும்’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு சிறிய நூலை வெளியிட்டார். அவர் கெய்ரோவின் தொன்மையான இஸ்லாமியக் கல்விநிலையமான அல்-அஸ்ஹரில் பயின்ற ஆலிம், அதாவது மார்க்க அறிஞர். ஆக்ஸ்ஃபோர்டுக்கும் படிக்கச் சென்று, முதல் உலகப் போர் மூண்டதால் திரும்பியவர். கிலாஃபத், அதாவது நபிகளாருக்குப் பின் முஸ்லிம்களுக்குத் தலைவராக ஒரு கலீஃபா ஆளும் ஆட்சிமுறை, மார்க்கக் கடமை அன்று. குர்ஆனில் அதற்குக் கட்டளை இல்லை. அதன்மேல் அறிஞர்களின் ஒருமித்த கருத்து இருந்தது என்று சொல்லப்படுவதும் வாளின் நிழலில் பெறப்பட்டது. முஸ்லிம்கள் தங்கள் அறிவுக்கு எட்டிய சிறந்த ஆட்சிமுறையைத் தாங்களே அமைத்துக்கொள்ள மார்க்கம் தடையாக இல்லை. இவையே அவருடைய முடிவுகள்.

1925 ஆகஸ்ட் 12 அன்று அல்-அஸ்ஹரின் மூத்த உலமாக்கள் (ஆலிம்கள்) குழு அவரை ஏழு குற்றச்சாட்டுகளின்மேல் விசாரித்து, ஆலிம்களின் வரிசையிலிருந்து நீக்கியது. நீதிபதிப் பதவியும் பறிபோனது.

‘பார்த்தீர்களா, பிரிக்கச் சொன்னவரை மதம் துரத்திவிட்டது’ என்று நீங்கள் எழுதுவதற்கு முன்னால் இன்னொரு செய்தி. முந்தைய ஆண்டு மார்ச் 3 அன்று துருக்கியின் தேசியப் பேரவை கிலாஃபத்தை ஒழித்திருந்தது. காலியான அந்தப் பட்டத்தின்மேல் எகிப்தின் ஃபுஆது மன்னருக்கு ஆசை இருந்தது அன்றைய கெய்ரோவில் ஒளிவுமறைவற்ற செய்தி. அப்படிப்பட்ட நேரத்தில், ‘அந்தப் பட்டமே தேவையில்லை’ என்று அரசு ஊதியம் வாங்கும் ஒரு நீதிபதி எழுதினால் அரண்மனை அதை இலக்கியமாகவா வாசிக்கும்? தீர்ப்பை நிறைவேற்றத் தயங்கிய நீதித்துறை அமைச்சர் அப்துல் அஸீஸ் ஃபஹ்மியும் பதவி நீக்கப்பட்டார்; அவருடைய கட்சி அமைச்சர்கள் விலகினர்; கூட்டணி உடைந்தது. அரசியலமைப்பு, கட்சிகள், கூட்டணி அமைச்சரவை என்று மேற்கிலிருந்து வந்த எல்லாக் கருவிகளும் இருந்த நாட்டில்தான் இது நடந்தது. மதம் அரசியலை விழுங்கியதா, அரசியல் மதத்தின் வாயால் பேசியதா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

16 ஜனவரி 2024

ஒரு வெட்கக்கேட்டையும் பதிவு செய்கிறேன். ‘அல்-இஸ்லாமு தீனுன் வ தவ்லா’, அதாவது இஸ்லாம் மார்க்கமும் அரசும் ஆகும் என்ற வாசகத்தை நான் முதன்முதலில் கல்லூரி விடுதியில், ஒரு படிப்பு வட்டத்தில் கேட்டேன். கேட்ட வேகத்தில் அதை ஹதீஸ், அதாவது நபிமொழி, என்றே நம்பினேன். பல ஆண்டுகள் கழித்து எங்கள் ஊரில் ஒரு கூட்டத்தில் அப்படியே முழங்கினேன். முன்வரிசையில் இருந்த வயதான ஹஸரத் (பள்ளிவாசல் இமாம்), கூட்டம் முடிந்ததும் என்னை அழைத்து, ‘தம்பி, எந்தக் கிதாபில் பார்த்தீர்கள்?’ என்று மட்டும் கேட்டார். தேடினேன். ஹதீஸிலும் இல்லை, குர்ஆனிலும் இல்லை. நவீன காலத்து முழக்கம் அது. ஹஸனுல் பன்னா இக்வான் (முஸ்லிம் சகோதரத்துவ) இயக்கத்தை எகிப்தின் இஸ்மாயிலிய்யாவில் தொடங்கியது 1928இல். கிலாஃபத் ஒழிந்து நான்கு ஆண்டுகள், அப்துர் ராஸிக் நீக்கப்பட்டு மூன்று ஆண்டுகள். முழக்கம் பரவியது அந்த வெற்றிடத்தில்.

சொற்களையே எடுத்துக்கொள்வோம். ‘தவ்லா’வின் பழைய பொருள் முறை மாறி வருதல், சுழற்சி. செல்வம் உங்களில் செல்வர்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது என்று குர்ஆன் (59:7) சொல்லும் இடத்தில் வருவது இதே வேர்ச்சொல்தான். பக்தாதை ஆண்ட அப்பாஸியக் கலீஃபாக்களின் ‘தவ்லா’ என்றால் ‘இது அவர்களுடைய முறை’ என்ற பொருள். எல்லை, கொடி, கடவுச்சீட்டு, வருமான வரி ஆகியவற்றுடன் கூடிய அரசு என்ற பொருள் அந்தச் சொல்லில் பின்னாளில் ஏறியது. அரசியலுக்கான அரபுச் சொல் ‘ஸியாஸா’. அதன் மூலப்பொருள் குதிரையைப் பராமரித்துப் பழக்குவது. ஆங்கிலேயர் காலத்தில் குதிரைக்காரரைச் ‘சைஸ்’ என்று அழைத்தார்களே, அந்தச் சொல்லும் அதே தொழுவத்திலிருந்து வந்ததுதான். கிரேக்கர்களுக்கு அரசியல் நகரத்திலிருந்து பிறந்தது, தமிழில் அரசனிடமிருந்து பிறந்தது, அரபில் லாயத்திலிருந்து. தேர்தல் நேரத்துத் தொலைக்காட்சி விவாதங்களைப் பார்க்கையில் அரபியரே உண்மைக்கு நெருக்கமாகப் பேசினார்கள் என்று தோன்றும்.

16 ஜனவரி 2024, சற்றுப் பின்னர்

குதிரைப் பேச்சு போதும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரி.

18 ஜனவரி 2024

மேற்கு ‘பிரித்தது’ என்ற பாதிக்கு வருகிறேன். எந்த மேற்கு?

1077 ஜனவரியில் ஜெர்மானிய அரசர் நான்காம் ஹென்றி, தம்மைச் சமயத்திலிருந்து விலக்கிவைத்த போப் ஏழாம் கிரிகோரியின் மன்னிப்புக்காகக் கனோஸாக் கோட்டை வாசலில் பனியில் காத்து நின்றார். ஐரோப்பியச் சிந்தனையில் ‘பிரிவு’ என்ற பேச்சு இங்கிருந்துதான் பொருள் பெறுகிறது. அங்கே இரண்டு நிறுவனங்கள் இருந்தன. இரண்டுக்கும் நிலம் இருந்தது, நீதிமன்றம் இருந்தது, வரி வாங்கும் கை இருந்தது, தலைவர் இருந்தார். இரண்டு யானைகள் ஒரு தெருவில் எதிரெதிரே வந்தால் ஒதுங்குவது யார் என்ற கேள்வி எழுந்தே தீரும். சபை பிளந்து மதப் போர்கள் மூண்ட பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் யானைகள் நான்கைந்து ஆயின. தெருவில் இருந்த வீடுகள் எல்லாம் இடிந்தன.

சுன்னி முஸ்லிம் உலகில் அப்படி இரண்டாவது யானை இல்லை. போப் இல்லை, ஆயர் இல்லை, விலக்கிவைக்கும் அதிகாரம் படைத்த தலைமையகம் இல்லை. இல்லாத ஒன்றை அரசிலிருந்து பிரிக்கவில்லை என்று குறை சொல்வதில் பயன் என்ன?

19 ஜனவரி 2024

முந்தைய குறிப்பின் கடைசிப் பத்தியை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் உதுமானியப் பேரரசின் தலைமை முஃப்தியான (மார்க்கத் தீர்ப்பு வழங்குபவரான) ஷைகுல் இஸ்லாமைக் காட்டுகிறார், மற்றவர் ஈரானை. முதலாமவர் சொல்வது என் வாக்கியத்தைக் காயப்படுத்தவே செய்கிறது: உதுமானியரிடம் படிநிலை கொண்ட, ஊதியம் பெறும் ஆலிம் நிர்வாகம் இருந்தது, சுல்தான்களை நீக்க ஃபத்வாக்களும் (மார்க்கத் தீர்ப்புகளும்) அங்கிருந்து வாங்கப்பட்டன. ‘இரண்டாவது யானை இல்லை’ என்பதைத் திருத்தி, ‘இருந்த யானையின் தீவனம் அரசின் கிடங்கிலிருந்து வந்தது’ என்று எழுதுகிறேன். ஷைகுல் இஸ்லாமை அமர்த்தியவரும் நீக்கியவரும் சுல்தான்தான். ஈரானைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

21 ஜனவரி 2024

அப்துர் ராஸிக்கின் நூலில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் மிகவும் சங்கடமான இடமும் ஒன்றே. கலீஃபாவின் அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்பதில் முஸ்லிம்களிடையே இரண்டு கருத்துகள் இருந்தன என்கிறார். அல்லாஹ்விடமிருந்து நேரே வருகிறது என்பது ஒன்று. உம்மத்திடமிருந்து, அதாவது மக்களிடமிருந்து வருகிறது என்பது மற்றொன்று. ஐரோப்பியரிடமும் இப்படியே இரண்டு தரப்புகள் உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் ஆங்கிலச் சிந்தனையாளர்களில் முதலாவது ஹாப்ஸின் கொள்கையை ஒத்தது, இரண்டாவது லாக்கின் கொள்கையை ஒத்தது என்று முடிச்சுப் போடுகிறார்.

நான் இருபது ஆண்டுகள் இதை அப்படியே மேடைகளில் சொல்லிவந்தேன். பிறகு ஒருநாள் ஹாப்ஸை வாசித்தேன். அரசனின் அதிகாரம் வானத்திலிருந்து இறங்குவதாக அவர் சொல்லவில்லை. அச்சத்தில் வாழும் மனிதர்கள் தங்களுக்குள் செய்துகொள்ளும் உடன்படிக்கையிலிருந்து அது பிறக்கிறது என்கிறார். அதுதான் அவருடைய முழுப் புரட்சியும். அப்துர் ராஸிக் தவறான பெட்டியில் போட்டிருக்கிறார்; நானும் திறந்து பாராமல் அந்தப் பெட்டியைத் தூக்கிச் சுமந்திருக்கிறேன்.

அதோடு முடியவில்லை. 1651இல் வெளிவந்த அவருடைய ‘லெவியத்தன்’ நூலின் முகப்புப் படத்தைப் பாருங்கள். சிறிய மனிதர்கள் பலரால் ஆன உடலுடன் மலைக்குப் பின்னால் எழுந்து நிற்கும் அரசனின் ஒரு கையில் வாள், மறு கையில் ஆயரின் செங்கோல். நூலின் பிற்பாதி முழுவதும் கிறித்தவ அரசு, வேதம், சபை ஆகியவற்றைப் பற்றியது. எந்தப் போதனை சரியானது என்று தீர்மானிக்கும் உரிமை அரசனுக்கே என்பதுதான் அதன் சாரம். பாடத்திட்டங்களில் முற்பாதியை மட்டும் வாசிப்பதால், அவர் மதத்தை அரசியலிலிருந்து வெளியேற்றியவர் என்ற எண்ணம் நமக்கு வந்துவிட்டது. மதத்தை அரசின் வீட்டுக்குள் கொண்டுவந்து பூட்டியவர் அவர்.

22 ஜனவரி 2024

லாக்கைப் பற்றியும் இரண்டு வரி. சகிப்புத்தன்மை பற்றிய அவருடைய கடிதம் 1689இல் வெளிவந்தது. மதத்தைக் காரணம் காட்டி முஸ்லிமையோ யூதரையோ குடியுரிமைகளிலிருந்து விலக்கக் கூடாது என்று அதில் எழுதுகிறார். அதே கடிதத்தில் நாத்திகர்களுக்கு இடமில்லை, ஏனெனில் அவர்களுடைய சத்தியத்தை நம்ப இயலாதாம். வேறொரு வேந்தனுக்குக் கட்டுப்படும் சபையினருக்கும் இடமில்லை. அதற்கு அவர் காட்டும் எடுத்துக்காட்டு கான்ஸ்டான்டிநோபிளின் முஃப்திக்குக் கட்டுப்பட்ட ஒரு முஸ்லிம். அந்த முஃப்தியோ உதுமானியப் பேரரசருக்குக் கட்டுப்பட்டவர் என்றும் சேர்த்துச் சொல்கிறார். அவர் முதன்மையாகக் குறிவைத்தது கத்தோலிக்கரை என்பது பொதுவான வாசிப்பு. நமக்கு வேண்டியது வேறு: முஃப்தி அரசரின் ஆள் என்பது லாக்குக்குத் தெரிந்திருக்கிறது. ஷைகுல் இஸ்லாம் பற்றி 19ஆம் தேதி நான் எழுதிய திருத்தம் 1689இல் வெளிவந்த அவருடைய கடிதத்திலேயே இருக்கிறது.

26 ஜனவரி 2024, ஜும்ஆவுக்குப் பின்

கேள்வி கேட்டவர் மீண்டும் வந்து, ‘பழங்கதை வேண்டாம், இன்றைய நிலையைச் சொல்லுங்கள்’ என்கிறார். பார்த்ததைச் சொல்கிறேன்.

அமீரகத்தில் பதினொரு ஆண்டுகள் கணக்கராக வேலை செய்தேன். அங்கே வெள்ளிக்கிழமை குத்பாவின் வாசகம் அரசின் சமய விவகாரத் துறையிலிருந்து வரும். எந்தப் பள்ளிவாசலில் தொழுதாலும் அதே உரை. இமாம் தாளைப் பார்த்து வாசிப்பார். தொடக்கத்தில் எனக்கு அது நிம்மதியாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். நேரத்துக்குத் தொடங்கி நேரத்துக்கு முடியும், யாரையும் யாரும் தாக்க மாட்டார்கள், வேலைக்குத் திரும்பத் தாமதமாகாது.

விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் நேர்மாறு. எங்கள் மஹல்லாவில் (பள்ளிவாசலைச் சேர்ந்த பகுதியில்) ஹஸரத்தைத் தேர்ந்தெடுப்பது ஜமாஅத், அதாவது ஊர் முஸ்லிம்களின் அமைப்பு. ஊதியம் கொடுப்பது ஜமாஅத்தார் தரும் சந்தாவும் வக்ஃபுக் (பள்ளிவாசலின் அறக்கொடைச் சொத்தான) கடைகளின் வாடகையும். குறை சொல்வதும் ஜமாஅத். நிர்வாகத் தேர்தல் வந்தால் அண்ணன் தம்பி பேசிக்கொள்ள மாட்டார்கள். ஹஸரத் பயானில் (சமய உரையில்) எதைப் பேச வேண்டும் என்று எந்த அரசு அலுவலகமும் எழுதி அனுப்புவதில்லை. முஸ்லிம் அரசின் கீழ் குத்பா அரசின் கையில் இருந்தது. முஸ்லிம்கள் சிறுபான்மையாக இருக்கும் ஊரில் அது ஊராரின் கையில் இருக்கிறது. ‘மதமும் அரசியலும் ஒன்று’ என்ற உங்கள் வாசகத்தை இவ்விரண்டில் எந்தப் பள்ளிவாசலின் வாசலில் எழுதி மாட்டுவது?

28 ஜனவரி 2024

பழங்கதை வேண்டாம் என்றீர்கள். ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இன்றைய நிலை விளங்காது. கி.பி. 833இல் அப்பாஸியக் கலீஃபா மஃமூன், குர்ஆன் என்றென்றும் இருந்தது அன்று, படைக்கப்பட்டது என்ற கொள்கையை நீதிபதிகளும் அறிஞர்களும் ஏற்க வேண்டும் என்று ஆணையிட்டு விசாரணை தொடங்கினார். அவர் அந்த ஆண்டே இறந்தார். அடுத்து வந்த முஃதஸிம் காலத்தில் இமாம் அஹ்மத் இப்னு ஹன்பலுக்குக் கசையடி விழுந்தது. அவர் பணியவில்லை. ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் கழித்து முத்தவக்கில் அந்தக் கொள்கையைக் கைவிட்டார். உலகின் மிகப் பெரிய பேரரசு ஒன்று தன் கொள்கையை ஒரு ஹதீஸ் அறிஞரின் முதுகில் எழுத முயன்று தோற்றது.

மார்க்கத்தில் எது சரி என்று சொல்லும் உரிமை அரண்மனையிலிருந்து வெளியேறி, பாடம் நடத்தும் திண்ணைகளுக்குப் போனதற்கு இதுவே அடையாளம் என்று நான் கருதுகிறேன். மேற்கில் நடந்த பிரிவு இரண்டு நிறுவனங்களுக்கு இடையே நடந்தது, அதற்குப் பெயரும் கிடைத்தது. இங்கே நடந்தது வாளை வைத்திருந்தவருக்கும் நூலை வைத்திருந்தவருக்கும் இடையிலான பிரிவு. அதற்குப் பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

30 ஜனவரி 2024

மேலே உள்ளதை மறுநாள் வாசித்தபோதே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அவ்வளவு சுத்தமாக நடந்துவிடவில்லை. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலீஃபா காதிர் மீண்டும் ஒரு கொள்கை அறிக்கையை வெளியிட்டு வாசிக்கச் செய்தார். வேறுபாடு என்னவென்றால், இம்முறை அரண்மனையின் குரல் ஹன்பலி அறிஞர்களின் குரலை எதிரொலித்தது. இருநூறு ஆண்டுகளுக்குள், அறிஞர்களை அடித்த நாற்காலி அறிஞர்களின் வாசகத்தை ஒப்புவித்தது. கலீஃபாவுக்கு அப்போது வேறு வலிமையும் இல்லை. 945இலிருந்தே பக்தாதில் புவைஹிகள் என்ற ஷியா அரச மரபினரின் படை. சட்ட அறிஞர் மாவர்தி ஆட்சிச் சட்டங்களைப் பற்றி எழுதியது இந்தச் சூழலில்தான். படையால் ஒரு மாகாணத்தைப் பிடித்தவனைக் கலீஃபா அங்கீகரித்து, அதன்மூலம் சட்டத்தைக் காப்பாற்றலாம் என்று அவர் வழி காட்டினார். படிக்கும்போது, வீட்டைப் பூட்டிச் சாவியைத் திருடனிடமே கொடுத்து, ‘பத்திரமாகப் பார்த்துக்கொள்’ என்று சொல்வதுபோல் இருக்கும். ஆயினும் அந்த நாளில் அவருக்கு வேறு என்ன வழி இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

2 பிப்ரவரி 2024

சிறு குறிப்பு. பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலுக்குப் பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தத்துவ அறிஞர் இப்னு ருஷ்து உரை எழுதியதற்குக் காரணம், அரிஸ்டாட்டிலின் அரசியல் நூல் அவருக்குக் கிடைக்காததுதான். அவரே அதைக் குறிப்பிடுகிறார். லத்தீனில் அந்நூல் 1260ஐ ஒட்டி வந்துசேர்ந்தது. ஆட்சிமுறைகளை ஒன்றன்பக்கத்தில் ஒன்றை வைத்து ஒப்பிட்ட நூல் ஒரு பக்கம் போய்ச் சேர்ந்தது, அறிவர் ஆள வேண்டும் என்ற நூல் மறுபக்கம் தங்கியது. இதிலிருந்து பெரிய முடிவு எதையும் எடுக்காதீர்கள். எனக்கும் எடுக்க ஆசையாகத்தான் இருக்கிறது.

9 பிப்ரவரி 2024

‘இஸ்லாத்தில் இரண்டும் ஒன்று’ என்பது முஸ்லிம் இயக்கங்களின் முழக்கம் என்று 16ஆம் தேதி எழுதினேன். அதைவிட மூத்த ஐரோப்பிய முழக்கமும் உண்டு. 1762இல் பிரெஞ்சு மொழிச் சிந்தனையாளர் ரூசோ, சமூக ஒப்பந்தம் பற்றிய நூலின் கடைசிப் பகுதியில், முஹம்மது நபியின் பார்வை மிகவும் சரியானது, அவர் தம் அரசியல் அமைப்பை நன்றாகப் பிணைத்திருந்தார், அந்த அமைப்பு கலீஃபாக்களின் கீழ் நிலைத்தவரை ஆட்சி ஒன்றாகவும் அதனாலேயே நல்லதாகவும் இருந்தது என்ற கருத்தை எழுதுகிறார். அதே அத்தியாயத்தில், கழுகின் இரண்டு தலைகளையும் ஒன்றாக்கத் துணிந்தவர் என்று ஹாப்ஸையும் பாராட்டுகிறார். மக்கள் இறையாண்மையின் ஆசான் பொறாமைப்பட்டது மதீனாவைப் பார்த்து!

1840இல் பிரெஞ்சு அரசியல் சிந்தனையாளர் தோக்வில் அதே செய்தியைப் பழியாகத் திருப்பினார். குர்ஆனில் அரசியல் விதிகளும் குற்றவியல் சட்டங்களும் இருக்கின்றன, நற்செய்தி நூல்களில் இல்லை. ஆகவே மக்களாட்சிக் காலத்தில் முதலாவது நீடிக்காது என்றார். கேள்வி கேட்ட நண்பரின் வாதம் ஏறத்தாழ இதுதான், ‘ஆகவே’ உட்பட. இடையில் எண்பது ஆண்டுகளுக்கும் குறைவு. மதீனாவில் எதுவும் மாறவில்லை. இடையில் பிரான்சில் ஒரு புரட்சி நடந்திருந்தது.

3 மார்ச் 2024

இன்றோடு கிலாஃபத் ஒழிக்கப்பட்டு நூறு ஆண்டுகள். யாரும் பெரிதாகப் பேசக் காணோம்.

1924இன் இதே நாளில் அங்காராவில் வேறு இரண்டு சட்டங்களும் நிறைவேறின. ஒன்று கல்வி முழுவதையும் அரசின் கீழ் கொண்டுவந்தது. இன்னொன்று ஷரீஅத், வக்ஃபு அமைச்சகத்தைக் கலைத்துச் சமய விவகாரத் தலைமையகம் ஒன்றை உருவாக்கியது. இன்றுவரை துருக்கிப் பள்ளிவாசல்களின் இமாம்கள் அதன் ஊழியர்கள். மதத்தை அரசிலிருந்து பிரித்ததாகப் பெயர் எடுத்த அதே நாளில் அரசு மதத்துக்கு ஊதியப் பட்டியல் போட்டது. முகப்புப் படத்தில் ஹாப்ஸின் அரசன் இரண்டு கைகளிலும் பிடித்திருந்தது நினைவிருக்கிறதா? மேற்கின் அரசியல் சிந்தனை முஸ்லிம் உலகுக்கு வந்துசேர்ந்தபோது லாக் பின்தங்கிவிட்டார். ஹாப்ஸ்தான் முதல் வண்டியில் ஏறி வந்தார். இந்த இழையில் நான் சொல்ல நினைத்தது இதுவே என்று இப்போதுதான் எனக்குப் புலப்படுகிறது. 1925இன் கெய்ரோவும் அமீரகத்துக் குத்பாத் தாளும் இந்த ஒரே வண்டியில் வந்த பயணிகள்.

5 மார்ச் 2024

அப்படியானால் பிரிட்டனில் அரசரே சபையின் உச்ச ஆளுநர், மேலவையில் 26 ஆயர்கள் அமர்ந்திருக்கிறார்கள், அங்கே மட்டும் ஏன் கேடு விளையவில்லை என்று ஒருவர் கேட்கிறார். நல்ல கேள்வி. அங்கே கையிலிருந்த வாள் நாடாளுமன்றத்திடம் போய்விட்டது; செங்கோல் வெறும் செங்கோலாக மிஞ்சியது. பிரான்சு 1905இல் சட்டமிட்டுப் பிரித்தது. அங்கேயே அல்ஸாஸ் பகுதியில் குருமாருக்கு இன்றும் அரசு ஊதியம். ‘மேற்கு பிரித்தது’ என்று ஒரே மூச்சில் சொல்வதை நான் ஏற்காததற்கு இதுவும் காரணம்.

8 மார்ச் 2024

ஈரான் பாக்கி இருக்கிறது.

1970இல் ஈராக்கின் ஷியா கல்வி நகரமான நஜஃபில் நடத்திய பாடங்களில், பின்னாளில் ஈரானின் தலைவரான கொமெய்னி, மறைந்திருப்பதாக ஷியாக்கள் நம்பும் இமாம் திரும்பும்வரை சட்ட அறிஞரே ஆள வேண்டும் என்ற கொள்கையை விரித்தார். அதே நஜஃபில் அவரைவிடப் பெரிய மாணவர் கூட்டம் கொண்டிருந்த மூத்த அறிஞர் கூயீ அதை ஏற்கவில்லை. அனாதைகள், பராமரிப்பற்ற சொத்துகள் போன்றவற்றுக்கு மேல் அறிஞரின் பொறுப்பு நீளாது என்ற பழைய நிலையில் நின்றார். ஆக, ‘இஸ்லாத்தின் அரசியல்’ என்று உலகம் காட்டும் ஈரானின் அமைப்பு, ஷியா அறிஞர்களுக்குள்ளேயே புதிய கருத்து.

அது ஆட்சிக்கு வந்தபின் நடந்தது இன்னும் வியப்பானது. நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்களை, ஷரீஅத்துக்கு முரண் என்று காப்பாளர் அவை திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. 1988 ஜனவரியில், அரசு மார்க்க வரம்புக்குள் இயங்குவது என்று அன்றைய குடியரசுத் தலைவர் காமனெயி பேசியதைக் கண்டித்து கொமெய்னி கடிதம் எழுதினார்: ஆட்சி என்பது மார்க்கத்தின் முதன்மை விதிகளில் ஒன்று, தொழுகை, நோன்பு, ஹஜ் ஆகியவற்றுக்கும் அது முந்தியது. அடுத்த மாதமே அரசின் நலனை நிர்ணயிக்கும் அவை அமைக்கப்பட்டது. மார்க்கம் அரசை ஆளும் என்று தொடங்கிய கொள்கை, அரசின் தேவை மார்க்கச் சட்டத்தை நிறுத்திவைக்கலாம் என்ற இடத்துக்கு ஒன்பதே ஆண்டுகளில் வந்தது. ஹாப்ஸ் இதை வாசித்திருந்தால் தாடியின் நீளத்தைத் தவிர வேறு குறை கண்டிருக்க மாட்டார்.

ரூசோவை எடுத்து மறுபடி பார்த்தேன். கலீஃபாக்களுக்குப் பின் முஸ்லிம்களிடையேயும் இரண்டு அதிகாரங்களின் பிரிவு தொடங்கியது, அலீயின் தரப்பாரிடம் (ஷியாக்களிடம்) அது இருக்கிறது, பாரசீகத்தில் ஓயாமல் உணரப்படுகிறது என்று அதே பத்தியில் எழுதியிருக்கிறார். பிப்ரவரியில் நான் அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டேன். அவருக்கு இழைத்த அநீதியைத் திருத்திக்கொள்கிறேன்.

10 மார்ச் 2024

கூயீயின் மாணவர் ஒருவரையும் சொல்லிவிடுகிறேன். 2003இல் ஈராக்கை ஆக்கிரமித்த அமெரிக்க நிர்வாகம், தான் நியமிக்கும் குழுவை வைத்து அரசியலமைப்பை எழுத நினைத்தது. அந்த ஜூனில் நஜஃபின் மூத்த ஷியா அறிஞரான ஆயத்துல்லா சிஸ்தானீ ஃபத்வா வெளியிட்டார்: ஈராக்கியர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் அவைதான் எழுத வேண்டும். லாக்கின் வாரிசுகள் நியமனம் கேட்டார்கள், ஆயத்துல்லா தேர்தல் கேட்டார். ஆயத்துல்லா வென்றார். அவர் ஆளும் பதவி எதையும் கேட்கவில்லை; ஈரானிய நாட்டவர் என்பதால் அவருக்கு அந்தத் தேர்தலில் வாக்குரிமையே இல்லை. அதன் பிறகு ஈராக் சொர்க்கமாகிவிடவில்லை என்பது தெரிந்ததே. நான் காட்ட விரும்பியது யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதை மட்டும்.

17 மார்ச் 2024, நோன்பு ஆறாம் நாள்

அப்துர் ராஸிக்கை நான் முழுமையாக ஏற்கிறேனா என்று கேட்கிறார்கள். முன்பு ஏற்றேன். இப்போது நூலின் ஒரு பாதியோடுதான் இருக்கிறேன். கிலாஃபத் மார்க்கக் கடமை அன்று என்ற பாதி உறுதியாக நிற்கிறது. 1926 மே மாதம் கெய்ரோவில் கலீஃபாவைத் தேடிக் கூடிய மாநாடு யாரையும் தேர்ந்தெடுக்காமல் கலைந்ததே அதற்குப் போதிய உரை. நபிகள் நாயகம் அவர்கள் நினைவூட்டுபவர் மட்டுமே, ஆட்சி நடத்தவே இல்லை என்ற மற்றப் பாதிக்காக அவர் குர்ஆனின் 88:21-22 வசனங்களை முன்வைக்கிறார். மதீனாவின் உடன்படிக்கையும் வழக்குகளும் அதற்கு எதிராக நிற்கின்றன. எதிரிகளின் பதில் அங்கே வலுவானது. வேடிக்கை என்னவென்றால், அவரை மறுத்து எழுதிய முன்னாள் முஃப்தி பகீத், கலீஃபாவின் அதிகாரம் உம்மத்திடமிருந்தே வருகிறது என்று வாதிட்டார். அப்துர் ராஸிக் லாக்கின் பெயரை எழுதி வைத்திருந்த பெட்டியில் அவருடைய எதிரியே வந்து அமர்ந்துகொண்டார்.

பின்கதை: அவருடைய அண்ணன் முஸ்தஃபா 1945இல் அல்-அஸ்ஹரின் ஷைகு ஆனார். தம்பியின் ஆலிம் தகுதி திரும்பக் கிடைத்தது. 1940களின் இறுதியில் அவர் எகிப்தின் அமைச்சரும் ஆனார். எந்தத் துறை என்கிறீர்கள்? வக்ஃபுத் துறை, பள்ளிவாசல்களின் சொத்தை அரசு நிர்வகிக்கும் துறை.

22 மார்ச் 2024

கடந்த வாரம் எங்கள் ஜமாஅத்தின் நிர்வாகக் கூட்டத்தில், தேர்தல் நேரம் என்பதால் ஹஸரத்தின் வெள்ளி பயானை முன்கூட்டியே எழுதி வாங்கி நிர்வாகம் பார்த்து ஒப்புதல் அளிக்க வேண்டும் என்று ஓர் உறுப்பினர் முன்மொழிந்தார். ஆதரித்துப் பேசியவர்களில் இருவர் என்னைப்போல் வளைகுடாவில் இருந்து திரும்பியவர்கள். அங்கே எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்று எடுத்துக்காட்டும் சொன்னார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. பதினொரு ஆண்டுகள் அந்த ஒழுங்கை அனுபவித்தவன் எந்த முகத்தோடு எதிர்ப்பது? என்னிடம் அன்று கிதாபு கேட்ட ஹஸரத் மறைந்துவிட்டார். இப்போது இருப்பவர் அவருடைய மாணவர். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ‘எழுதித் தருகிறேன். திருத்தித் தாருங்கள். திருத்தியவரே மிம்பரில் (உரை மேடையில்) ஏறி வாசித்துவிடட்டும், நான் கீழே உட்கார்ந்து கேட்கிறேன்’ என்றார். யாரும் முன்வரவில்லை. தீர்மானம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. நோன்புக் கஞ்சிக்கு அரிசி வாங்கிய கணக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது.